வானம் பாராத வாதம்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்பவர் விரைவில் எய்தும் ஊர் கொக்குவில். கல்விக்கூடங்களாலும் கோயில்களாலும் ஒரு காலத்திற் செழித்திருந்த சுருட்டுத் தொழிலாலும் அறியப்பட்ட இவ்வூரின் பெயர், ஈழத்துச் சைவ இல்லங்கள் பலவற்றில் வேறொரு காரணத்தாலேயே நிலைபெற்றுள்ளது. சுவரிலே நூல்கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் பஞ்சாங்கத்தின் முகப்பில் அப்பெயர் உண்டு. இரகுநாதையர் பெயரால் வழங்கும் வாக்கிய பஞ்சாங்கம் கொக்குவிற் சோதிடப் பிரகாச யந்திரசாலையிலே அச்சிடப்பெற்று வந்தது. பிறந்த குழந்தைக்கு நட்சத்திரம் பார்ப்பதும், மணமக்களுக்கு முகூர்த்தம் வைப்பதும், இறந்தாருக்குத் திதி குறிப்பதும் அதனைக் கொண்டே நடந்தன. ஒளியையும் யந்திரத்தையும் ஒருங்கே தன் பெயரிற் கொண்ட அச்சகம் ஒன்று வானத்தை ஆண்டுதோறும் தாளிலே பதித்து வீடுதோறும் அனுப்பியதெனில், அது யாழ்ப்பாணச் சமுதாய வரலாற்றிற் சிறிய செய்தியன்று.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது மட்டுவிலிலிருந்து வெளிவரும் திருக்கணித பஞ்சாங்கம். வாக்கியம் எனவும் திருக்கணிதம் எனவும் இரு கட்சியாகப் பிரிந்து நடைபெற்றுவரும் வாதத்தைக் குடாநாட்டில் அறியாதார் இலர். தமிழ்ப் புத்தாண்டு பிறக்கும் வேளையைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் இரண்டாகவே தருகின்றன. சில ஆண்டுகளில் விரத நாள்களும் இரண்டாகின்றன. ஒரு கோயிலிற் கொடியேறும் நாளில் அயற்கோயிலார், “எங்களுக்கு நாளைக்கு” என்கின்றனர். இரு கட்சியாரும் துண்டுப் பிரசுரம் எழுதுவர், ஆகமம் காட்டுவர், ஆதீனங்களின் சம்மதம் காட்டுவர், தம் பாட்டனார் காலத்து வழக்கத்தைக் காட்டுவர். இரவு எட்டு மணிக்கு முற்றத்தில் இறங்கி மேலே பார்த்தால் தீரக்கூடிய வழக்கிலே, சந்திரனை மட்டும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

வாக்கிய முறையை இழித்துரைப்பது எளிது, அறிவீனமுமாகும். அம்முறையின் நுட்பத்தை அறிந்தார் அதனை வணங்கவே செய்வர். சந்திரன் பூமிக்கு மிக அண்மையிலிருந்து சேய்மைக்குச் சென்று மீளும் சுற்று ஒன்பது முறை நிகழ ஏறத்தாழ 248 நாள்கள் ஆகின்றன. இதனைக் கண்ட முன்னோர், அந்த 248 நாள்களுக்கும் சந்திரனின் நிலையைத் தனித்தனிச் சிறு தொடராக எழுத்தெண்ணிற் கட்டி மனனம் செய்யத்தக்கதாக்கினர். வரருசியின் பெயரால் வழங்குவன அவை. ஏடு வேண்டா, பலகை வேண்டா. தொடர்கள் நாவிலும் சோகிகள் தரையிலும் இருப்பின் போதும். 1825இல் ‘கால சங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்ட ஜோன் வாரன், புதுச்சேரியில் இத்தகைய தமிழ்க் கணிதர் ஒருவரைக் கண்டார். எழுதாமல், சோகிகளை நிலத்திற் பரப்பியே அவ்வாண்டு மே இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்ற அளவிலேயே அக்கணிதம் பிழைத்தது. தொலைகாட்டி ஒன்றேனும் இல்லாத மரபு இவ்வளவு எய்தியது வியக்கத்தக்கதே. ஆயினும் ஐம்பத்திரண்டு நிமிடம் என்பது ஐம்பத்திரண்டு நிமிடமே.

பிழை எங்கிருந்து வருகின்றது என்பது மறைபொருளன்று. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதன் பொருட்டு நம் கணிதம் மந்தபலம் என்னும் திருத்தத்தைக் கொண்டது. அதன் உச்ச அளவு ஏறத்தாழ 5 பாகை. கிரகணங்களைக் கொண்டு பெறப்பட்ட அளவு ஆதலின் அமாவாசையிலும் பூரணையிலும் இது பெரிதும் பொருந்துகின்றது. ஆனாற் சூரியனின் ஈர்ப்பினால் சந்திரனுக்கு இரண்டாவதொரு தடுமாற்றமும் உண்டு. அரைச்சந்திரக் காலத்திலே இது முதலாவதனோடு சேர்ந்துகொள்ளும். அப்போது உச்ச அளவு ஏழரைப் பாகையாகும். ஆகவே, அட்டமியை அடுத்த நாள்களில் வாக்கியச் சந்திரன் வானத்துச் சந்திரனிலிருந்து இரண்டரைப் பாகை வரை விலகி நிற்கக்கூடும். இரண்டரைப் பாகை என்பது பூரண சந்திரர் ஐவரை வரிசையாக நிறுத்தும் அகலம். திதிக் கணக்கில் அது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆண்டின் நீளத்திலும் வேறுபாடு உண்டு. வாக்கிய ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி; விண்மீன்களைக் கொண்டு அளந்த ஆண்டோ 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. 432 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இது சேர்ந்துகொண்டே வருகின்றது.

இவ்விடத்தில் வாக்கியக் கட்சியார் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. முன்னோர் வாக்கு மாற்றலாகாது. பிழையெனினும் மரபே பிரமாணம் என்பர். எந்த முன்னோர் என்று வினவின் வாதம் தளர்ந்துவிடும். மேற்கூறிய இரண்டாவது தடுமாற்றத்துக்குத் திருத்தம் சொன்ன முஞ்சாலர் பத்தாம் நூற்றாண்டினர். அவர் பரங்கியர் அல்லர். கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டு கிரகணங்களையும் கோள்களையும் கண்ணால் நோக்கி, பழைய கணிதம் பொருந்தாமை கண்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ என்ற நூலையே செய்தார். அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி, சித்தாந்த நூல்கள் காலந்தோறும் பார்வையாலே சோதித்துத் திருத்தப்படவேண்டும் என்பதைத் தனி நூலாகவே எழுதி நிறுவினார். மாற்றாமை மரபு என்பது பின்வந்தோர் கட்டிய கதை. கணிதத்தை அச்சிட்டு விற்கத் தொடங்கிய காலத்திலே அக்கதைக்கு வலுவும் கூடிற்று.

இவர்கள் எல்லோரினும் இவ்வழக்கிற்கு ஏற்ற சாட்சி ஒரிசா நாட்டுக் கண்டபாராவிற் பிறந்த சந்திரசேகர சாமந்தர் (1835–1904). ஆங்கிலம் கற்றவரல்லர், மேனாட்டுக் கருவி எதனையும் கொண்டு ஆராய்ந்தவருமல்லர். இளமையிலே பஞ்சாங்கத்திற் கண்ட இடத்திற் கோள்கள் நில்லாமையைத் தம் கண்ணாலே கண்டார். ஏனையோர் அதனைக் கண்டிருப்பின் தம் கண்ணையே ஐயுற்றிருப்பர். அவர் பஞ்சாங்கத்தை ஐயுற்றார். மூங்கிற் குழாய்களையும் மரத்தடிகளையும் கொண்டு தாமே கருவிகள் செய்தார். தடியொன்றின் முனையிற் குறுக்குத்தடி ஒன்றைப் பொருத்திய ‘மானயந்திரம்’ அவற்றுள் ஒன்று. ஒரு தச்சர் அரைநாளில் அதனைச் செய்து தருவார். அவற்றைக் கொண்டு ஆண்டுக்கணக்காக இரவுகளைக் கழித்து, சந்திரனின் தடுமாற்றங்கள் மூன்றினைத் தாமாகவே கண்டறிந்து, ‘சித்தாந்த தர்ப்பணம்’ என்னும் வடமொழி நூலாகப் பாடினார். அந்நூல் 1899இல் அச்சேறியது. பூரி ஜகந்நாதர் கோயில் அவருடைய கணிதத்தை ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்திற் கண்ணாற் கண்டதைச் சொன்னால் சமயம் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர், பூரியிலே தேரோட்டம் நின்றுபோயிற்றா என்று கேட்டறிதல் நன்று.

யாழ்ப்பாணத்தவரின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும் மறைத்தலாகாது. அராலி இராமலிங்க முனிவர் 1667இற் பஞ்சாங்கம் கணித்தார் என்பது மரபு. அவ்வழியினரான விசுவநாத சாஸ்திரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புகழ்பெற்ற பஞ்சாங்கக் கணிதராக விளங்கினார். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்கு அவர் குறித்த கணிதத்தை, வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் டானியல் பூவர் மறுத்தார். தொடக்க நேரம், முடிவு நேரம், மறையும் பகுதியின் அளவு ஆகிய மூன்றிலும் பிழை என்றார். ஊர் கூடிப் பார்த்தது. வானம் பூவர் பக்கம் நின்றது. அமெரிக்க மிசனரிமார் அதனை ஒரு கணிதப் பிழையாக விட்டுவிடவில்லை. சைவத்தின் பிழையாகவே பறைசாற்றினர். கிரகண நேரம் தவறின் தேவாரமும் தவறு என்பது எந்தத் தருக்கம் எனத் தெரியவில்லை. எனினும் அந்த அடியின் வடு ஆழமானது. அன்றுமுதல் வானத்தைப் பார்ப்பதே பாதிரிமார் பக்கம் சாய்வதாகவும், பாராதிருப்பதே சமயப் பற்றாகவும் ஒரு மனநிலை வேரூன்றியது. இழந்தது யார்? செமினரியின் ஹொய்சிங்ரன் பாதிரியார் நம் ‘உள்ளமுடையானை’ ஆராய்ந்து 1848இல் ஆங்கிலத்துடன் வெளியிட்டார். அவர் நம் கணிதத்தைக் கற்றார். நாம் அவருடைய தொலைகாட்டியைத் தொடவில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. காரைநகரிற் பிறந்து வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்பித்த அலன் ஆபிரகாம் (1865–1922), 1910இல் வந்த ஹலி வால்வெள்ளி பற்றிய கணிதத்தாற் பெயர்பெற்று, இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகவும் ஆனார். அவர் பெயரை இன்று யாழ்ப்பாணத்து மாணவர் எத்துணைப் பேர் அறிவர்?

இனித் திருக்கணிதக் கட்சியாரை நோக்குமிடத்து, அவர்கள் மகிழ்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அவர்கள் எண் சரியானது, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வெண் யாருடையது? ‘திருக்’ என்பது ‘திரு’ அன்று; பார்வை என்னும் பொருள்படும் வடசொல். பார்வையோடு பொருந்தும் கணிதம் என்பதே திருக்கணிதத்தின் பொருள். இன்று அந்தப் பார்வை கிறினிச்சிலும் வாஷிங்டனிலும் பிற தேசத்து வானாய்வு நிலையங்களிலும் பார்க்கப்பட்ட பார்வை. அங்கு அளந்த அளவுகளை அட்டவணையிலிருந்து பெயர்த்து, இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் தன் அறிக்கையிற் குறித்த அயனாம்சத்தைக் கழித்து அச்சிடுவதே இங்கு நிகழ்வது. மேகநாத சாகா தலைமையிலான அக்குழுவின் பணி மதிக்கத்தக்கது. ஆயினும் அட்டவணையைப் பெயர்ப்பவர் வானத்தைப் பார்த்தவராகார். வாக்கியத்தார் பாட்டனை நம்புகின்றனர். திருக்கணிதத்தார் பரதேசியை நம்புகின்றனர். சென்னையிற் சிந்தாமணி இரகுநாதாசாரியார் அவ்வாறு இருக்கவில்லை. பஞ்சாங்கக் குடும்பத்திற் பிறந்து, சென்னை வானாய்வு நிலையத்திலே பணியாற்றி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றையும் கண்டறிந்த பின்னரே திருக்கணித பஞ்சாங்கம் என்று பெயரிட்டு ஒன்றை வெளியிட்டார். அவருக்கு அச்சொல்லைச் சொல்ல உரிமை இருந்தது.

தமிழகத்து வாக்கிய பஞ்சாங்கங்கள் பலவற்றிலே கிரகணம் மட்டும் திருக்கணித முறைப்படி தரப்பட்டிருக்கும். இதனைப் பெருந்தன்மை என்று கொள்வாரும் உளர். உண்மையில், கிரகணத்தை எல்லோரும் பார்ப்பர். அட்டமி முடியும் கணத்தை எவரும் பார்ப்பதில்லை. பார்வையாளர் உள்ள இடத்தில் வானத்துக்கும், இல்லாத இடத்தில் வாக்கியத்துக்கும் கீழ்ப்படிதல் மரபுப் பற்று ஆகாது.

பாராமை பஞ்சாங்கத்தோடு நின்றுவிடவில்லை. மணவறையில் அம்மி மிதித்தபின் மணமகன் மணமகளுக்கு அருந்ததி காட்டுகின்றான். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டனுக்கு அருகே, ஒரு பாகையின் ஐந்திலொரு பங்கு இடைவெளியில் நிற்கும் மங்கிய விண்மீன் அது. நற்பார்வை உடையார்க்கே அது பிரிந்து தோன்றும். கண்ணைச் சோதிப்பதற்கும் முன்னோர்க்கு அது உதவியது. இன்று பட்டப்பகலில், மண்டபக் கூரையின் கீழ், மின்விசிறியின் திசையில் விரல் நீட்டப்படுகின்றது. மணமகள் கண்டதாகத் தலையசைக்கின்றாள். புகைப்படக்காரர் இன்னொருமுறை காட்டச் சொல்கின்றார்.

திதியின் செய்தி இவ்வாறு நகைத்து விடத்தக்கதன்று. யாழ்ப்பாணத்தில் இறந்தாரின் நினைவு திகதியால் அன்று, திதியாலேயே பேணப்படுகின்றது. இரு கணிதத்துக்கும் இடையில் ஐந்து மணி நேரம் விலகும் நாளொன்றில் ஒருவர் இறப்பின், அவர் ஒரு பஞ்சாங்கத்தில் சத்தமியிலும் மற்றதில் அட்டமியிலும் இறந்தவராகின்றார். மகன் ஒரு நாளிலும் மகள் மறுநாளிலும் விளக்கேற்றுகின்றனர். யுத்தத்தின் இறுதி மாதங்களில், 2009இல், இறந்த வேளையோ இடமோ அறியப்படாது போனவர்கள் பலர். அவர்தம் உறவினர் எந்தப் பஞ்சாங்கத்தையும் புரட்டிப் பயனில்லை. அத்தகையோரிற் பலர் ஆடி அமாவாசையிலே கீரிமலைக்குச் செல்கின்றனர். அமாவாசையில் வாக்கியமும் திருக்கணிதமும் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன.

வானம் இருண்டு கிடந்த காலமும் இவ்வூரவர்க்கு வாய்த்தது. அவர்கள் கேட்டுப் பெற்ற இருளன்று அது. 1987 ஒற்றோபரிற் கொக்குவில் மக்கள் இரவிலே அண்ணாந்தது உலங்குவானூர்திகளைக் காண்பதற்கு. 1990இற் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் விண்மீன்கள் முற்றங்கள்தோறும் இறங்கி நின்றன. ஆனால் அண்ணாந்த கண்கள் தேடியது குண்டு வீச்சு விமானத்தையே. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சியின் மரநிழல்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கிற்று. அவர்களுட் பலர் இன்னும் மீளாதிருந்த 1996 மார்ச்சில், ஹியாகுதாகே வால்வெள்ளி வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியுமாறு வானத்தைக் கடந்தது. எந்தப் பஞ்சாங்கமும் அதனைக் குறித்திருக்கவில்லை, குறித்திருக்கவும் இயலாது. இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் யப்பானியர் ஒருவர் இருகண் தொலைகாட்டியொன்றைக் கொண்டு மலைப்பாங்கான இடமொன்றிலிருந்து அதனைக் கண்டுபிடித்திருந்தார். அவர் வானியற் பேராசிரியரல்லர். பார்ப்பதில் ஆர்வம் கொண்டவர், அவ்வளவே.

பின்னர் மின்சாரம் மீண்டது, மீள வேண்டியதே. ஆனால் வீதி விளக்குகளும் கடை விளக்குகளும், திருவிழாக் காலத்து மின் அலங்காரங்களும் சேர்ந்து கொக்குவில் வானத்தை வெளிறச் செய்துவிட்டன. பால்வீதி அங்கே பாடப்புத்தகச் சொல்லாகி வருகின்றது. 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும், பத்தாண்டுக்குள் இருமுறை, பல தலைமுறைக்கு ஒருமுறையும் வாய்க்காத கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்து உச்சியிலேயே நிகழ்ந்தது. அவ்விரு நாளிலும் கதவடைத்து உள்ளிருந்தோர் சிலரல்லர்.

ஆங்கிலக் கால்வாயில் சார்க் என்று ஒரு சிறு தீவு உண்டு. மோட்டார் வண்டியோ வீதி விளக்கோ அங்கில்லை. 2011இல் அது உலகின் முதலாவது இருள்வானத் தீவாக அறிவிக்கப்பட்டது. வறுமையின் அடையாளமாக எண்ணப்பட்டிருக்கக்கூடிய இருளைத் தன் செல்வமாக்கி, விண்மீன் காண்பாரை அது அழைக்கின்றது. யாழ்ப்பாணத்துக்கு அத்தகைய தீவு கடன்வாங்க வேண்டிய பொருளன்று. நெடுந்தீவின் தென்முனையிற் குயிண்டாக் கோபுரம் நிற்கும் வெளியிலே நகரொளி எட்டுவதில்லை. கண்ணை மறைக்கும் தோப்புமில்லை. ஒன்பதரைப் பாகை அகலாங்கில் அமைந்த இடம் ஆதலின், சித்திரை வைகாசி இரவுகளிலே வடக்கே கடலை ஒட்டித் துருவ மீனையும் தெற்கே சிலுவை மண்டலத்தையும் ஒருசேரக் காணலாம். கடற்றொழிலாளர் ஆறாமீனையும் விடிவெள்ளியையும் இன்னும் அறிந்திருக்கும் கரை அது. அவர்களுக்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை.

வழக்கை அங்கே கொண்டுசெல்லலாம். மந்தபலம் உச்சமடையும் மாதமொன்றைத் தெரிந்துகொண்டு, இரு கட்சிக் கணிதர்களும் பல்கலைக்கழகத்துக் கணித பௌதிக மாணவர்களும் பூரணையன்று ஒருமுறையும் தேய்பிறை அட்டமியன்று ஒருமுறையும் சந்திரனுக்கும் அயலிலுள்ள விண்மீன்களுக்கும் இடையிலான தூரத்தை அளக்கவேண்டும். அயனாம்சத்தில் வேறுபாடு உண்டு என்னும் தடை இங்கே எழாது. இரு இரவுக்கும் இடையிற் சந்திரன் கடந்த தூரமே கணக்கு. ஐந்து சந்திர அகலம் பிழைக்கும் இடத்தில் நுண்கருவி வேண்டா. சாமந்தரின் மானயந்திரம் ஒன்றும் மணிக்கூடு ஒன்றும் இரு பஞ்சாங்கங்களும் போதும். பல்கலைக்கழகத்தார் இதனைத் தம் தகுதிக்குக் குறைவென எண்ணுவாராயின், மூடநம்பிக்கை என்று வகுப்பறையில் இகழ்ந்துவிட்டு வீட்டுத் திருமணத்துக்கு அதே பஞ்சாங்கத்தைப் புரட்டுவது எத்தகுதியைச் சேர்ந்தது என்பதையும் அவர்களே சொல்லவேண்டும்.

ஐப்பசி கார்த்திகை மழை முகிலுக்கு இச்சோதனை உதவாது. மாசி பங்குனியில் வானம் தெளிந்திருக்கும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்ல ஒரு மணி நேரம். அட்டமிச் சந்திரன் நள்ளிரவை ஒட்டியே எழும் ஆதலாற் செல்பவர் அன்றிரவு அங்கே தங்கவேண்டியிருக்கும்.